நீர்த்தடத்துக்கு மேலே ஒரு பழுது: வெள்ளத்தில் ஓடிய காரின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், கையால் கியர் மாற்றும் வகை. வயது ஏழு. எஞ்சினைத் திறந்து வேலை பார்த்த சரித்திரம் இல்லை.

கனமழை நேரத்தில், சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் தேங்கிய சாலையைக் கடந்திருக்கிறது. பாதி வழியில் எதிரே வந்த லாரி கிளப்பிய அலை முன்பக்கம் மோதியது. எஞ்சின் ஒருமுறை திணறியது, ஆனால் நிற்கவில்லை. வீடு வந்து சேர்ந்த வண்டி இரவு முழுக்க மழையிலேயே நின்றது. மறுநாள் காலை செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங்கில் நடுக்கம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை, அப்போது எஞ்சின் விளக்கு சிமிட்டுகிறது. திடீர் ப்ரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு அணையவே இல்லை.

முதலில் பார்த்த மெக்கானிக் ஸ்கேனரைப் போட்டு, மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று கண்டு, அதன் பிளக்குக்கு மின்பொறி தரும் காயிலை மாற்றி, எரர்களை அழித்து அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரம் சரியாக ஓடியது. அடுத்த மழைக்குப் பிறகு பழைய கதை. விளக்கு சிமிட்டச் சிமிட்டச் சில நாட்கள் ஓட்டிவிட்டுத்தான் உரிமையாளர் எங்களிடம் வந்தார்.

மொத்தம் ஐந்து கோளாறுகள் இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் அந்தச் சாலை வெள்ளத்தோடு சம்பந்தமில்லாதது. முதல் ரிப்பேர் வீணானது அந்த ஒன்றால்தான்.

எரர் பட்டியல்

வந்தபோது ஸ்கேனரில் இரண்டு எரர்கள்: பி0303, அதாவது மூன்றாம் சிலிண்டர் மிஸ்ஸிங், யூ0121, ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு இல்லை. முதல் நாள் என்னென்ன இருந்தன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எரரை அழிக்கும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து அழிந்துவிடும். எரர் பதிவான நொடியில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எல்லாம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் குறித்து வைப்பது அதில்தான். கூலன்ட் சூடு ஒன்று கிடைத்திருந்தால் போதும்: முதல் மிஸ்ஸிங் சூடான எஞ்சினில் தண்ணீருக்கு நடுவே வந்ததா, இரவு ஆறிய எஞ்சினில் காலையில் வந்ததா என்று தெரிந்திருக்கும். அழிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பட்டியலில் சேராத புகார் ஒன்றும் இருந்தது: மெதுவான செல்ஃப். ஸ்கேனர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தண்ணீர் எதுவரை ஏறியது

வெள்ளத்தில் ஓடிய வண்டி வந்தால் எரர்களைக் குறித்துக்கொண்டதும் ஸ்கேனரை ஓரமாக வைத்துவிடுவேன். அடுத்த வேலை டார்ச் விளக்கோடு நீர்த்தடம் தேடுவது. வெள்ள நீரில் வண்டல் இருக்கும், காயும்போது அது ஒரு கோடாகப் படியும். வெளியே கழுவிவிட்டாலும் ரேடியேட்டர் ஃபேன் கவசத்தின் பின்பக்கம், பேட்டரித் தட்டின் அடி, வயரிங் கிளிப்புகளின் மேல்முகம், சக்கர உள்வளைவின் மடிப்பு ஆகிய இடங்களில் அது போகாது.

இந்த வண்டியில் இரண்டு தடங்கள். கீழே தெளிவான கோடு, தண்ணீர் நின்ற மட்டம். அதற்கு மேல் ஏர் ஃபில்டர் பெட்டியின் பாதி உயரம் வரை திட்டுத்திட்டாக இன்னொன்று, லாரி அலை அடித்தது. ஸ்டார்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயர், கியர் பாக்ஸுக்குள் காற்று போய்வரும் துளையான ப்ரீதர், சக்கர சென்சார் கனெக்டர்கள், இந்த மாடலில் தாழ்வாகப் பொருத்தப்பட்ட ஏபிஎஸ் யூனிட் என்று எல்லாம் இந்தத் தடங்களுக்குக் கீழே வந்தன. எஞ்சின் கம்ப்யூட்டரும் காயில்களும் பிளக்குகளும் மேல் தடத்துக்கும் நன்றாக மேலே.

அப்படியானால் மூன்றாம் காயிலைத் தொட்டது எந்தத் தண்ணீர்?

காயிலைக் கழற்றினேன். பிளக் குழியில் தண்ணீர் நின்றது. புதிதாகப் போட்ட காயிலின் ரப்பர் உறையிலேயே மின்பொறி ஓடிய கருத்த தடம் விழுந்திருந்தது. ஆனால் குழியிலிருந்த தண்ணீர் தெளிவாக இருந்தது, துளி வண்டல் இல்லை. வெள்ள நீர் அப்படி இருக்காது. பானெட்டைத் திறந்துவைத்து முன்கண்ணாடியின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். வைப்பர்களுக்குக் கீழே உள்ள தொட்டி போன்ற பகுதியின் வடிகால் துளைகளை மக்கிய இலைகள் அடைத்திருந்தன. தொட்டி நிறைந்து, ஒரு மூலையில் வழிந்து, வால்வு கவரின் பள்ளத்தில் ஓடி, நேராக மூன்றாம் குழிக்குள் இறங்கியது.

ஆக, மிஸ்ஸிங்கைத் தந்தது சாலை வெள்ளம் அல்ல, அன்றிரவு பெய்த மழை. காயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மழை வரை தாங்கும். அப்படித்தான் தாங்கியிருக்கிறது. மிதிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் மோசமாவதற்கும் காரணம் உண்டு. லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், அந்த வோல்டேஜ் ஈரமான ரப்பர் வழியே சுலபமாக எஞ்சின் ஹெட்டின் உலோகத்துக்கு ஓடிவிடும்.

இந்தக் குழியில் ஒரு எச்சரிக்கை. தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றிய பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் அவ்வளவு தண்ணீரும் சிலிண்டருக்குள் போய்விடும்.

ராட் வளைந்ததா

வண்டியை இத்தோடு கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அலை மோதியபோது எஞ்சின் திணறியது என்று உரிமையாளர் சொன்னதை மழைத் தண்ணீர் விளக்காது. ஏர் ஃபில்டரை எடுத்தபோது கீழ் மடிப்புகள் நனைந்து நெளிந்திருந்தன, பெட்டியின் அடியில் வண்டல். ஃபில்டருக்கு அந்தப் பக்கக் குழாயில் வண்டல் இல்லை. நல்ல அறிகுறிதான், ஆனாலும் போதாது. வண்டலைக் காகிதம் வடிகட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே விட்டிருக்கலாம்.

எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து என்று கணக்குப் போடலாம். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 300 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 10:1 என்றால், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டரின் மொத்த இடம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் என்றால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 33 சிசி. தண்ணீர் அமுங்காது. 33 மில்லி உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர இடமே இல்லை, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதைவிடக் குறைவாகப் போனால் எஞ்சின் நிற்காமலேகூட ராட் லேசாக வளைந்துவிடலாம். இதுதான் பயங்கரம். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஒருநாள் ராட் உடைந்து பிளாக்கைத் துளைக்கும். தண்ணீரில் நின்றுபோன எஞ்சினை மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள் என்று தலைதலையாக அடித்துக்கொள்வது இதனால்தான். இந்த உரிமையாளருக்கு அந்தச் சோதனை வரவில்லை.

கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ஏறும்போது சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்கள் 175 பிஎஸ்ஐயை ஒட்டி இருந்தன. மூன்றாவது 152.

இங்கேதான் வயிறு கலங்கியது. ராட் 1 மில்லிமீட்டர் குறுகினால் 73 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டரில் உச்சியில் மிஞ்சும் இடம் 4.2 சிசி கூடும். 10:1 என்பது 9:1 ஆகும். மீட்டரில் 175 காட்ட வேண்டிய இடத்தில் 150 சொச்சம் காட்டும். எண்கள் அச்சாகப் பொருந்தின.

ஆனால் மிஸ்ஸிங் அடித்த சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைய வேறொரு காரணமும் உண்டு. எரியாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். அது சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியே காற்று கசியும். ஆயில் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை தெரிந்தது.

இரண்டையும் பிரித்தறிய வழக்கமாகச் செய்வது, ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி கம்ப்ரஷன் பார்ப்பது. கூடினால் ரிங், கூடாவிட்டால் வேறு என்பார்கள். இந்த இடத்தில் அது ஏமாற்றும். 33 சிசி இடத்தில் 5 சிசி ஆயிலை ஊற்றினால் ரிங் எப்படி இருந்தாலும், ராட் வளைந்தே இருந்தாலும், இடம் குறைந்த காரணத்தாலேயே எண் ஏறிவிடும். வளைந்த ராடுக்கு நல்ல சான்றிதழ் கொடுத்து அனுப்பும் சோதனை அது.

நான் நம்பியது வேறு இரண்டை. ஒன்று, லீக் டவுன். பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. மற்றவை 10 சதவீதத்துக்குள், மூன்றாவது 20. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் சீறல் கேட்டது, அதாவது கசிவு ரிங் வழியே. ராட் மட்டும் குறுகியிருந்தால் கசிவு பெரும்பாலும் மற்றவற்றைப் போலவே இருந்திருக்கும். இரண்டாவது, நேராக உயரத்தை அளப்பது. நான்கு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சினில் இரண்டாம் மூன்றாம் பிஸ்டன்கள் ஒன்றாகவே உச்சிக்கு வரும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் மெல்லச் சுற்றி, ஒரே மெல்லிய கம்பியை இரண்டு குழிகளிலும் விட்டு, நிற்கும் உயரத்தை காலிப்பரால் அளந்தேன். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கும் கீழே. அது என் கை நடுக்கத்துக்குள் அடங்கும். 1 மில்லிமீட்டர் என்றால் தெரியாமல் போகவே முடியாது.

ராட் நேராகத்தான் இருக்கிறது. எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, குழியை உலர்த்தி, புதுப் பிளக்கும் ரப்பர் உறையும் போட்டு, வடிகாலைச் சுத்தம் செய்து ஓட்டிய பிறகு மூன்றாம் சிலிண்டர் 172 காட்டியது. அலையில் வந்த திணறல்? நனைந்த காகிதம் கணநேரம் காற்றை மறித்திருக்கும் என்பது என் கணிப்பு. நிரூபிக்க வழியில்லை.

செல்ஃபும் எர்த்தும்

மெதுவான செல்ஃபுக்குப் பேட்டரியைக் குறை சொல்வது எளிது. பேட்டரி 12.6 வோல்ட், ஆரோக்கியம். எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டால் பேட்டரி முனையில் 13.2 மட்டுமே வந்தது. ஆல்டர்னேட்டரில் தண்ணீர் போய்விட்டது, மாற்றிவிடு என்ற முடிவுக்குப் பலர் இங்கேயே வந்துவிடுவார்கள். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டிலும் மறுமுனையை அதன் உடம்பிலும் வைத்தால் 14.2. உற்பத்தி சரி, வழியில் எங்கோ 1 வோல்ட் தொலைகிறது. ஆல்டர்னேட்டர் வெளியீட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவ் வரை 0.2. ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.8. திருடன் எர்த் பக்கம்.

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே கிட்டத்தட்ட 3 வோல்ட் காட்டியது. ஸ்டார்டருக்குப் போக வேண்டியதில் கால்வாசி. எர்த் வயரின் முனையில் உறையை அறுத்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாக இருந்தது. இவ்வளவும் சில நாளில் வந்த துரு அல்ல. முன்பே தொடங்கியதை வெள்ளம் முடித்து வைத்திருக்கிறது.

இந்த வயரை ஓம் மீட்டரில் பார்த்தால் குறையே தெரியாது. 40 ஆம்பியர் ஓடும்போது 0.8 வோல்ட் விழுகிறது என்றால் தடை 0.02 ஓம். சாதாரண மீட்டரின் வயர்களுக்கே அதைப்போல் பத்து மடங்கு தடை இருக்கும். கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஏபிஎஸ் கனெக்டர்

யூ0121 வந்தால் வயரிங் முழுக்கப் பிரிக்கத் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6ஆம் 14ஆம் பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயரான கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் இருக்கும், இரண்டும் இணையாகச் சேர்ந்தால் 60. இங்கே 60 வந்தது. தொடர்பு வயரின் தண்டு சரி, ஆகவே ஏபிஎஸ் யூனிட்டுக்கே உயிர் வரவில்லை என்று சந்தேகித்தேன்.

கனெக்டரைத் திறந்தபோது ஈரம். நேரடியாகப் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வரும் பின் பச்சையாக அரித்திருந்தது. பக்கத்திலேயே எர்த் பின் பளபளப்பாக இருந்தது. இது தற்செயல் அல்ல, மின்பகுப்பு. ஈரத்தின் வழியே கரண்ட் கசியும்போது பாசிட்டிவ் பக்கத்து உலோகம்தான் கரையும். சாவியைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பின்கள் இதைவிட மெதுவாக அரிக்கும். வெள்ளத்தில் நனைந்த வண்டியை நிறுத்தியதும் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். வோல்டேஜ் இல்லாவிட்டால் ஈரம் மட்டும் இவ்வளவு வேகமாக அரிக்காது. ஒரு ஸ்பேனர் போதும், வேறு செலவே கிடையாது.

பின்னை மாற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்துப் பூட்டியதும் யூனிட் பேசத் தொடங்கியது. அப்போதுதான் அதிலிருந்த சி0035 தெரிந்தது: முன் இடது சக்கர வேக சென்சார் சர்க்யூட். ஸ்கேனரில் சக்கர வேக வரைபடத்தைப் போட்டுக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுற்றினோம். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் அதே இடத்தில் சிக்னல் அறுந்தால் பேரிங்கில் உள்ள காந்த வளையத்தில் குறை. இங்கே சுற்றோடு தொடர்பில்லாமல், வயரை அசைத்தபோது அறுந்தது. சக்கர உள்வளைவிலிருந்த கனெக்டருக்குள் மெல்லிய சேறு. சுத்தம் செய்ததும் சரியானது.

காரின் உள்ளே கார்பெட் மேலே காய்ந்திருந்தாலும் அடியிலுள்ள பஞ்சு நனைந்திருந்தது. தூக்கிக் காயவைத்தோம். சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றில் மீட்டர் முனையைக் குத்தக் கூடாது. ஏர்பேக் விளக்கு வரவில்லை, அதனால் தொடவும் இல்லை.

ஆயில்கள்

இரவு நின்ற எஞ்சினின் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால், உள்ளே தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அது சொட்டும். அடியில் தங்குவது தண்ணீர்தான். இங்கே சொட்டவில்லை. ஆயில் மூடியின் உட்புறம் வெளுத்திருப்பதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் அது வெறும் நீராவியாகவும் இருக்கலாம்.

கியர் பாக்ஸ்தான் தண்ணீரைக் குடித்திருந்தது. ஓடிச் சூடான கியர் பாக்ஸ் திடீரெனக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ப்ரீதர் வழியே வெளியில் இருப்பதை உறிஞ்சும். வெளியில் இருந்தது தண்ணீர். ஆயில் வெளுத்துப் பழுப்பாகக் கொட்டியது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினோம். இதற்கு எரர் கிடையாது, விளக்கு கிடையாது, உடனடி அறிகுறியும் கிடையாது. நீர்த்தடத்துக்குக் கீழே ப்ரீதர் இருந்தது என்பது மட்டுமே துப்பு. தடம் தேடாமல் இருந்திருந்தால் பேரிங் சத்தம் போடும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

பின் டிரம்களில் சேறு இருந்தது, கழுவி உலர்த்தினோம். ப்ரேக் ஃப்ளூயிட் பழையது, மாற்றினோம். டாட் 4 ஃப்ளூயிட்டின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155. வெள்ளம் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டிய நிலையில்தான் அது இருந்தது.

அதற்குப் பிறகு

வண்டி சீராக ஓடியது. சில வாரங்களில் முன் இடது பக்கம் வேகத்தோடு கூடும் உறுமல் என்று திரும்ப வந்தது. வீல் பேரிங். வெளியே எடுத்தபோது கிரீஸ் வெளுத்துத் தண்ணீர் கலந்திருந்தது. சென்சார் பார்த்த அன்றே அந்தச் சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்திருந்தோம், அப்போது சத்தமே இல்லை. தண்ணீர் புகுந்த பேரிங் பந்துகளில் துருப்புள்ளி விழ நேரம் எடுக்கும்.

முடியாமல் இருப்பது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். எஞ்சின் விளக்கு சிமிட்டுவது, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை. அந்த நிலையில் இந்த வண்டி சில நாட்கள் ஓடியிருக்கிறது. "விளக்கு நிலையா எரிஞ்சா நிறுத்தியிருப்பேங்க, சிமிட்டத்தானே செஞ்சுதுன்னு ஓட்டிட்டேன்" என்றார் உரிமையாளர். இரண்டில் மோசமானது சிமிட்டல்தான் என்று எந்த டேஷ்போர்டிலும் எழுதியிருப்பதில்லை. கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அதற்குப் பின்னாலுள்ள ஆக்சிஜன் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி அசையாமல் நிற்கும். கெட்டுப்போனால் முன் சென்சாரைப் போலவே மேலும் கீழும் தாவும். இந்த வண்டியில் பின் சென்சார் தாவவில்லை, ஆனால் நிற்க வேண்டிய அளவுக்கு நிற்கவும் இல்லை. கன்வெர்ட்டர் திறன் குறைந்ததைச் சொல்லும் பி0420 எரர் இதுவரை பதிவாகவில்லை. அடுத்த சர்வீசில் அதே வேகத்தில், அதே சூட்டில் அந்த வரைபடத்தை மறுபடி எடுத்து இப்போதையதோடு வைத்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.